ஒரு குடம் காற்று

பிரிட்டனில் பல வீடுகளின் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். அதுதான் பாய்லர். எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். சூடான தண்ணீரை ஒரு சிறிய பம்பு விரல் பருமனுள்ள செம்புக் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்பும். ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் தட்டையான இரும்பு ரேடியேட்டர் ஒன்று இருக்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து, வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் பாய்லருக்கே திரும்பும். மறுபடி சூடாகும், மறுபடி கிளம்பும். குளிக்கவோ குடிக்கவோ யாரும் இதைத் தொடுவதில்லை. நடுத்தரமான ஒரு வீட்டில் சுமார் 100 லிட்டர் தண்ணீர் இப்படி மூடிய வளையத்துக்குள் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டியின் முகத்தில் ஒரு வட்டமான அழுத்தமானி. வீடு குளிர்ந்திருக்கும்போது அதன் முள் 1க்கும் 1.5க்கும் நடுவே நிற்க வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த முள்ளைத் தெரியும். அக்டோபரில் முதல் குளிர் விழுந்து ஹீட்டிங்கைப் போட்டும் ரேடியேட்டர் சுடவில்லை என்றால் கண் முதலில் போகும் இடம் அது. எண்ணின் அலகு 'பார்'. கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்று தருவது ஏறத்தாழ 1 பார் அழுத்தம். முள் காட்டுவது அதற்கு மேற்பட்ட கூடுதலை மட்டும். நம் பிரஷர் குக்கர் விசிலடிக்கும் தருவாயில் உள்ளே இருக்கும் கூடுதலும் கிட்டத்தட்ட அதே 1 பார்தான். அதாவது அடுப்பே பற்றாமல் சில்லென்று கிடக்கும் பாய்லருக்குள்ளும் ஒரு குக்கரின் அழுத்தம் எப்போதும் காவல் இருக்கிறது.

எதற்கு? மாடிக்குத் தண்ணீர் ஏற்ற என்று பலர் நினைப்பார்கள். இல்லை. வளையம் மூடியது. ஒரு குழாயில் ஏறும் தண்ணீரின் எடையை இன்னொரு குழாயில் இறங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடுகிறது. பம்பு எதையும் தூக்குவதில்லை. குழாய்ச் சுவர்களின் உராய்வோடு மட்டுமே அதற்குச் சண்டை. இரண்டு மாடி வீட்டையே சுற்றிவரும் புதிய வகைப் பம்புக்குச் சில பத்து வாட் மின்சாரம் தாராளம். நம் பழைய குண்டு பல்பு இதைவிட அதிகம் தின்னும்.

அழுத்தத்தின் முதல் வேலை, வளையத்தின் உச்சியில் வெற்றிடம் விழாமல் காப்பது. தண்ணீர்த் தூண் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மேல்மாடி ரேடியேட்டர் பாய்லரைவிட 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே 1 பார் காட்டும்போது மேலே மிஞ்சுவது அரை பார். கீழே முள் அரைக்கு இறங்கினால் மேலே ஒன்றுமில்லை. அதற்கும் கீழே போனால் மேல்மாடிக் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சத் தொடங்கும். தண்ணீர் சொட்டவே சொட்டாத ஒரு இணைப்பு காற்றை மட்டும் உள்ளே விடும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தம் போனால் பல பாய்லர்கள் பற்ற மறுத்து அடம்பிடிப்பது இதனாலும்தான்.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. எல்லாத் தண்ணீரிலும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கிறது. அழுத்தம் கூடக்கூட வாயு அதிகம் கரையும் என்று மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் காட்டினார். சூடு ஏறினால் நேர்மாறு, கரைந்த காற்று குமிழ்களாகக் கழன்று வரும். பாய்லருக்குள் தண்ணீர் மிகவும் சூடாகும் இடம், சுடர் ஒரு பக்கமும் தண்ணீர் மறுபக்கமும் படும் வெப்பமாற்றியின் மெல்லிய உலோகச் சுவர். குமிழ் உண்டாக இதைவிடத் தோதான இடம் கிடையாது. அழுத்தம் அங்கே காற்றைக் கரைசலாகவே பிடித்து வைக்கப் பார்க்கிறது. அதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. 1 பார் கூடுதல் இருந்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே சுவரையொட்டிய தண்ணீர் கொஞ்சம் மிதமிஞ்சிச் சுட்டாலும் ஆவியாகித் தடதடக்காது.

இனிதான் உண்மையான சிக்கல். 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் விரியும். கேட்கச் சிறிய எண். ஆனால் 100 லிட்டரில் அது இரண்டே கால் லிட்டர். நாலாபக்கமும் அடைத்த குழாய்களுக்குள் அந்த இரண்டே கால் லிட்டர் எங்கே போகும்? அமுக்கி அடக்கலாம் என்றால் தண்ணீர் அதற்கு மசியாது. அதை வெறும் 1 சதவீதம் சுருக்க 200 பாருக்கு மேல் வேண்டும். வீட்டுக் குழாயின் இணைப்புகள் அந்த எண்ணில் சின்னப் பங்கைக்கூடக் காணாமல் பிய்ந்துபோகும். ஒரு காலைக் குளிருக்கு ஹீட்டிங் போடுவதே வீட்டின் குழாய்களை உடைக்கப் போதுமான செயல்.

பழைய தீர்வு எளிமையானது. கூரைக்கடியில் ஒரு திறந்த தொட்டி. விரிந்த தண்ணீர் குழாய் வழியே தொட்டிக்கு ஏறும், ஆறியதும் இறங்கும். பிரிட்டனில் இன்றும் இப்படி ஓடும் வீடுகள் உண்டு. ஆனால் திறந்த தொட்டியில் காற்று படும், தூசி விழும், கடுங்குளிரில் உறையும்.

புதிய தீர்வு ஒரு குடம் காற்று. பாய்லரின் முதுகிலோ பக்கவாட்டிலோ ஒரு தட்டையான எஃகுக் கலன் ஒளிந்திருக்கும். விரிவுக் கலன் என்று சொல்லலாம். கொள்ளளவு 10 லிட்டர் போல. அதன் நடுவே குறுக்காக ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் வளையத்தின் தண்ணீர், மறுபக்கம் ஆலையிலேயே அடைத்த காற்று அல்லது நைட்ரஜன். தண்ணீர் விரிந்தால் சவ்வைத் தள்ளிக்கொண்டு கலனுக்குள் வரும். காற்று சுருங்கி இடம் விடும். தண்ணீர் ஆறினால் காற்று அதை வளையத்துக்குத் திருப்பித் தள்ளும். பம்பில்லை, மின்சாரமில்லை, கட்டளையிட ஒரு சில்லுமில்லை.

எவ்வளவு நேர்த்தி என்பதைக் கணக்கில் பார்க்கலாம். மாறாத வெப்பத்தில் ஒரு வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் வரும் எண் மாறாது என்று ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். 10 லிட்டர் காற்று, முள்ளில் 1, வளிமண்டலத்தையும் சேர்த்தால் 2 பார். பெருக்கினால் 20. இப்போது இரண்டே கால் லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது. காற்றுக்கு மிஞ்சுவது ஏழே முக்கால் லிட்டர். 20ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 2.6. வளிமண்டலத்தைக் கழித்தால் முள்ளில் 1.6. அவ்வளவுதான். பாறையையே உடைக்கக்கூடிய ஒரு விரிவு, அந்த முள்ளில் அரையங்குல நகர்வாக அடங்கிவிடுகிறது. முந்நூறு ஆண்டுக்கும் மேல் பழைய ஒரு வாய்ப்பாட்டை லட்சக்கணக்கான வீடுகள் தினமும் காலையில் ஒருமுறை போட்டுப் பார்க்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

அந்த முள்ளும் சும்மா இல்லை. முள் வைத்த மானிகளில் பலவற்றின் உள்ளே, யூஜின் பூர்டோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849இல் காப்புரிமை பெற்ற கருத்து இருக்கிறது: வளைத்து நசுக்கிய ஒரு மெல்லிய உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு இம்மியளவு நிமிரும். அந்த இம்மியைச் சின்னப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும்.

கலனை வளையத்தில் எந்த இடத்தில் பொருத்துவது? எங்கே வைத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை, இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர் இருக்கிறது. பம்பு ஓடத் தொடங்கியதும் அதற்கு முன்பக்கம் அழுத்தம் கூடும், பின்பக்கம் குறையும். ஆனால் வளையத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எதுவும் மாறாது. கலன் சேரும் இடம் அது. காரணம் அழகானது. கலனில் அழுத்தம் மாற வேண்டுமென்றால் அதற்குள் தண்ணீர் நுழையவோ வெளியேறவோ வேண்டும். வளையத்தின் குழாய்களோ ஏற்கெனவே நிறைந்து வழிபவை. பம்பு சுற்றுவதால் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடப்போவதில்லை, குறையப்போவதில்லை. கலனுக்குக் கொடுக்கவும் தண்ணீர் இல்லை, கலனிலிருந்து வாங்கி வைக்கவும் இடமில்லை. ஆகவே பம்பு எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் புள்ளி அசையாது. இதிலிருந்து ஒரு பெரிய நடைமுறை வித்தியாசம் பிறக்கிறது. பம்பு அந்தப் புள்ளியிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளினால், மற்ற இடமெல்லாம் அழுத்தம் ஏறும். அந்தப் புள்ளியை நோக்கித் தள்ளினால், மற்ற இடமெல்லாம் இறங்கும். மேல்மாடி காற்றை உறிஞ்சும். அதே பம்பு, அதே கலன், அதே குழாய். இடம் மட்டும் மாறினால் ஒரு வீடு அமைதியாக இருக்கும், இன்னொன்று இரவெல்லாம் களகளக்கும். அதனால் கலனைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் வைப்பதே வழக்கம்.

ரப்பர் எவ்வளவு நல்லதானாலும் காற்று அதன் வழியே மெல்ல மெல்லக் கசியும். சில வருடங்களில் கலன் சோர்ந்துபோகும். அப்போது நடப்பது துப்பறியும் கதைக்கு உகந்தது. காலையில் முள் 1இல் நிற்கும். ஹீட்டிங் போட்டதும் விறுவிறுவென்று 3க்கு ஏறும், ஏனென்றால் விரிந்த தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. 3இல் பாதுகாப்பு வால்வு திறக்கும். உள்ளே ஒரு சுருள்வில் ஒரு தக்கையை அமுக்கிப் பிடித்திருக்கும். அழுத்தம் வில்லை வென்றால் வழி திறக்கும். வில்லுக்குப் பதிலாக எடை வைத்த இத்தகைய வால்வை, எலும்பையும் குழைய வேகவைக்கும் தன் மூடிய பானைக்காக டெனி பாப்பான் 17ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் விவரித்துவிட்டார். குக்கரும் பாய்லரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். வால்வு விட்ட சுடுநீர் வீட்டுக்கு வெளியே நீளும் ஒரு செம்புக் குழாய் வழியே போகும். போவோர் வருவோர் மேல் தெறிக்காதபடி அதன் வாயைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். ஹீட்டிங் அணைந்து தண்ணீர் ஆறிச் சுருங்கும்போது, கொட்டிப்போன பங்கு குறைகிறது. முள் 0வில் படுத்துவிடும்.

வீட்டுக்காரர் பார்ப்பது 0வை மட்டுமே. தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி நிரப்புவார். மறுநாள் அதே கூத்து. உண்மையில் குறைந்தது தண்ணீரல்ல, காற்று. விவரம் தெரிந்த பொறியாளர் கலனில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வைத் தேடி அதன் ஊசியை அழுத்துவார். காற்று சீறினால் சவ்வு உயிரோடிருக்கிறது. வளையத்தின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பம்பு வைத்துக் காற்றடித்தால் போதும். தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனையே மாற்ற வேண்டும். இதற்காகப் பாய்லரின் உறையைத் திறக்க நேர்ந்தால் அது எரிவாயு வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரின் வேலை.

தண்ணீர் நிரப்புவது மட்டும் யாரும் செய்யலாம். பாய்லருக்கு அடியில் எஃகு நூல் பின்னிய சிறிய வளைகுழாய், இரு முனையிலும் வால்வு. ஒரு முனை தெருக்குழாயின் குடிநீர், மறுமுனை ஹீட்டிங் வளையம். மெல்லத் திறந்து, முள் 1ஐத் தாண்டியதும் மூட வேண்டும். தண்ணீர் பின்னோக்கிப் போகாதபடி நடுவே இரட்டைத் தடுப்பு வால்வு உண்டு. அது போதாதென்று, வெளியே பொருத்திய வளைகுழாயை நிரப்பியதும் கழற்றிவிட வேண்டும் என்பது பிரிட்டிஷ் விதி. இவ்வளவு பயம் ஏன் என்று கேட்பவர்கள் பத்து வருடம் சுற்றிய ரேடியேட்டர் தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்க்கலாம். பல வீடுகளில் அது கரிக்குழம்பாகத்தான் இருக்கும்.

அந்தக் கறுப்பு, இரும்பின் கதை. புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டுவரும். ரேடியேட்டரின் உள்சுவர் அதைத் தின்று துருப்பிடிக்கும். ஆக்சிஜன் தீர்ந்தபின்னும் அரிப்பு முழுக்க நிற்பதில்லை. இரும்பு தண்ணீரோடே மெல்ல வினைபுரிந்து மாக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறும், ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மேல்பாதி மட்டும் சில்லென்றிருக்கும் ரேடியேட்டருக்குள் சேர்ந்து நிற்பது பலசமயம் இந்த ஹைட்ரஜனும் மிச்ச நைட்ரஜனும்தான். ரேடியேட்டரின் காற்று வால்வைச் சாவி போட்டுத் திறந்தால் சீறிக்கொண்டு போகும். தீக்குச்சியோடு அருகே போகக் கூடாது. வாயு போன அளவுக்கு முள்ளும் இறங்கும். மறுபடி நிரப்பினால் மறுபடி ஆக்சிஜன். இந்தச் சுழலை மெதுவாக்கத் துருத்தடுப்பு மருந்து ஒன்றைத் தண்ணீரில் கலப்பார்கள். திரும்பிவரும் குழாயில் ஒரு வலுவான காந்தத்தையும் சொருகி வைப்பார்கள். மாக்னடைட் என்பது பழங்காலத்துக் காந்தக்கல்லின் கனிமமேதான். கறுப்புச் சேறு தானாகவே வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கலன் நன்றாயிருந்தும் முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். சூடான குழாயில் கசியும் துளி கீழே விழுமுன் காய்ந்துவிடும். இணைப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு கறை மட்டும் மிஞ்சும். வெப்பமாற்றியே ஓட்டையானால் தண்ணீர் பாய்லரின் கழிவுநீரோடு கலந்து யாருக்கும் தெரியாமல் வெளியேறும். பொறியாளர்கள் இதற்குக் கருவி எதையும் தேடுவதில்லை. தண்ணீர் ஆறியபின், பாய்லருக்கு அடியில் போகும் குழாயிலும் வரும் குழாயிலும் உள்ள வால்வுகளை மூடி, மானியைப் பாய்லர் பக்கம் தனியாகப் பிரித்து, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பெட்டிக்குள். வைத்த இடத்திலேயே நின்று, வால்வுகளைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால், தரைப்பலகைகளைப் பெயர்க்க வேண்டியதுதான்.