இழுப்பும் இன்ஹேலரும்

பிசான அறுவடை வந்துவிட்டால் சீவலப்பேரியில் வயலும் களமும் கலகலக்கும். தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகின்ற ஊரல்லவா, நெல்லுக்குக் குறைவில்லை. ஆனால் நெல் தூற்றும்போது பறக்கும் தூசியும், நனைந்த வைக்கோலில் பூத்த பூஞ்சையும் சிலருக்கு எமனாகி விடுகின்றன. அவர்களுக்கு இரவெல்லாம் இழுப்புத்தான். இதுவே ஒவ்வாமை ஆஸ்துமா.

ஒவ்வாத பொருள் மூச்சில் கலந்ததும் நுரையீரலின் சிறு குழாய்கள் உள்ளே வீங்கிச் சளி கட்டுகின்றன. சுற்றியுள்ள தசைகளும் இறுகுகின்றன. வழி குறுகவே, மூச்சு விசிலடிக்கிறது. (விறகடுப்புப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த ஆச்சிமாருக்கு வரும் இரைப்பு பெரும்பாலும் வேறு நோய். அதற்கும் இன்ஹேலர் உதவும்; ஆனால் முழுதும் சீராவதில்லை.)

இன்ஹேலர் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கூந்தலுக்குத் தெளிக்கும் ஸ்பிரேயைப் போலத் தன் மருந்தும் டப்பாவில் வரக்கூடாதா என்று 1955-இல் அவள் கேட்டாளாம். மறு ஆண்டே, அளவோடு தெளிக்கும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. கேட்டவள் நம்மைப் போன்ற ஒரு மாணவிதான், தோழியரே!

"பம்பு அடித்தால் பழகிப்போகும், மாத்திரையே போதும்" என்று நம் பக்கத்தில் பலரும் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெல்லாம் சுற்றுவதால் கை நடுக்கமும் படபடப்பும் அதிகம்.

சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்துமேயன்றி வீக்கத்தை ஆற்றாது. ஆற்றுவது ஸ்டீராய்டு இன்ஹேலர். இழுப்பு நின்றதும் பலர் இதை நிறுத்திவிடுகின்றனர். இதுதான் ஆபத்து. சால்பியூட்டமாலை மட்டும் நம்பிப் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வைத்தியம் செய்யலாகாது என்று 2019-இல் 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா அமைப்பே அறிவித்தது.

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுத்துக்கொண்டே அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிப்பது அவசியம். பொடி மருந்துக் குப்பிகளை மாத்திரை என்றெண்ணி விழுங்குவோரும் உண்டு! அவற்றைக் கருவியில் இட்டு உறிஞ்ச வேண்டும்.

பெண்ணுக்கு இழுப்பு என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என அஞ்சி இன்ஹேலரை ஒளித்து வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. மூச்சுத் திணறுகிறவள் அதை எங்கே போய்த் தேடுவாள்? அது பையில் எந்த அறையில் இருக்கிறதென்று பக்கத்தில் அமரும் தோழிக்கும் தெரிந்திருக்கட்டும். மருந்தடித்தும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச இயலவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.