பின்னால் தொங்கும் குட்டிப் படகு

நீண்ட பயணம் போகும் பாய்மரப் படகு ஒன்று ஒரு தீவின் விரிகுடாவுக்குள் வந்து நிற்கிறது. நங்கூரம் போட்டாயிற்று. கரை கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் கரை வரை போக முடியாது. படகின் அடியில் இருக்கும் ‘கீல்’ என்ற கனமான பகுதி ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்துக்கு நீருக்குள் இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் நெருங்கினால் தரை தட்டிவிடும். குடிநீர் பிடிக்க வேண்டும், காய்கறி வாங்க வேண்டும், ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் உதவுவது ‘டிங்கி’ என்ற குட்டிப் படகு. இன்றைய டிங்கிகள் பலவும் காற்றடைத்த குழாய்களால் ஆனவை. சுமார் 3 மீட்டர் நீளம் இருக்கும்.

நங்கூரத்தை எடுத்துக் கிளம்பும்போது அந்த டிங்கியை எங்கே வைப்பது?

கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே போகலாம். அமைதியான நீரில், பக்கத்து ஊர் வரைக்கும் அது சரிப்படும். அலை பெரிதானால் டிங்கிக்குள் தண்ணீர் புகும், கவிழும், கயிறு அறுந்து காணாமலும் போகும். மேல்தளத்தில் வைக்கலாம் என்றால், பாய்களை இயக்க ஆட்கள் ஓடியாட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பலரும் படகின் பின்முனையில் இரண்டு உலோகக் கைகளைப் பொருத்தி, அவற்றில் டிங்கியைத் தூக்கித் தொங்கவிடுகிறார்கள். இந்தக் கைகளை மாலுமிகள் ‘டாவிட்’ என்பார்கள். நாம் தூக்குக்கை என்று வைத்துக்கொள்வோம்.

பார்க்க எளிதாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குள் நிறைய இயற்பியல் இருக்கிறது. 12 மீட்டர் நீளமும் 9,000 கிலோ எடையும் கொண்ட ஒரு படகை எடுத்துக்கொள்வோம். டிங்கி 35 கிலோ, அதன் எஞ்சின் 25 கிலோ. மொத்தம் 60 கிலோ. 9,000 கிலோவுக்கு முன்னால் 60 கிலோ என்ன பெரிய எடை என்று தோன்றும். சீசாவை நினைத்துப் பாருங்கள். நுனியில் உட்காரும் சின்னப் பையன், நடுவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெரிய அண்ணனைத் தூக்கிவிடுவான். படகுக்கும் அப்படித்தான். நடுவிலிருந்து பின்முனை 6 மீட்டர். டிங்கி அதற்கும் 1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. ஆக 7 மீட்டர். 60-ஐ 7-ஆல் பெருக்கினால் 420. அதாவது, நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 420 கிலோவை வைத்தால் படகு எவ்வளவு பின்பக்கம் சாயுமோ, அவ்வளவு சாய்வை இந்த 60 கிலோ உண்டாக்கிவிடும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு நீளமான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுங்கள். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை நடுவில் வையுங்கள். டப்பா நேராகவே நிற்கும். அதே நாணயத்தை மெல்ல ஓரத்துக்கு நகர்த்துங்கள். எடை கொஞ்சமும் கூடவில்லை, ஆனாலும் டப்பா சாயத் தொடங்கும். பிறகு ஓர் ஐஸ் குச்சியை ஓரத்துக்கு வெளியே நீட்டி ஒட்டி, அதன் நுனியில் நாணயத்தை ஒட்டிப் பாருங்கள். சாய்வு இன்னும் கூடும்.

அடுத்தது தூக்குக்கை தளத்தோடு இணையும் அடிப்பகுதியைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு கைகளும் பாரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் ஒரு கைக்கு 30 கிலோ. அந்த எடை 1 மீட்டர் வெளியே தொங்குகிறது. கையைத் தளத்தோடு பிணைக்கும் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 30 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், முன் போல்ட்டை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை எவ்வளவு? 30-ஐ 1-ஆல் பெருக்கி 0.3-ஆல் வகுத்தால் 100 கிலோ எடைக்குச் சமம்! இது படகு அசையாமல் நிற்கும்போது. அலையில் பின்முனை குதித்து எழும்போது இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கலாம். ஆகவே தளத்துக்கு அடியில் அகலமான உலோகத் தகட்டை வைத்து அதோடு சேர்த்து முடுக்குவார்கள். விசை பரந்த இடத்தில் பரவும், தளம் கிழியாது. டிங்கி ஊசலாடவும் கூடாது. ஆடினால் ஒவ்வொரு ஆட்டமும் போல்ட்டுகளை உலுக்கும். எனவே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு அதைக் கைகளோடு இறுக்கிக் கட்டுவார்கள்.

தூக்கும் வேலையைக் கப்பிகள் பார்த்துக்கொள்கின்றன. பாரத்தை மூன்று கயிற்றுப் பிரிவுகள் தாங்கும்படி கோத்தால், 30 கிலோவைத் தூக்க 10 கிலோ அளவு இழுத்தால் போதும். உராய்வுக்காக இன்னும் கொஞ்சம். பதிலுக்கு டிங்கி 1 மீட்டர் ஏற, 3 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். எஞ்சினை முதலில் கழற்றித் தனியாகப் படகின் கம்பி வேலியில் மாட்டிவிட்டால் கைகளுக்குப் பாரம் இன்னும் குறையும்.

இவ்வளவு செய்தாலும் ஓர் எதிரி பாக்கி இருக்கிறது: தண்ணீர். டிங்கியின் உட்பகுதி 2 மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம் என்போம். இரவு பெய்த மழையில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அது 280 லிட்டர், அதாவது 280 கிலோ. 35 கிலோ டிங்கி ஒரே இரவில் 315 கிலோ ஆகிவிடும்! அதனால் தூக்கியதும் டிங்கியின் வடிகால் மூடியைத் திறந்துவிட வேண்டும். அந்த ஓட்டை இருக்கும் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தொங்கவிட வேண்டும். மறுபடி இறக்குவதற்கு முன்னால் மூடியை மறக்காமல் திருகிவிட வேண்டும்.

மழை மெதுவாகச் செய்வதை அலை ஒரே நொடியில் செய்துவிடும். இளைஞரான சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலில் பல துணைப் படகுகள் இருந்தன. பின்முனையில் ஒரு டிங்கி. பின்பக்க விலாக்களில் ஏறக்குறைய 7.6 மீட்டர் நீளமுள்ள இரண்டு படகுகள். 1833 ஜனவரி 13 அன்று தென் அமெரிக்காவின் தென்கோடியில், கேப் ஹார்ன் அருகே, பெரும் புயல். நண்பகலில் ஒரு பேரலை கப்பல்மேல் பாய்ந்து, விலாவில் தொங்கிய படகுகளில் ஒன்றை நிரப்பியது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலுமிகள் அந்தப் படகை உடனே வெட்டிக் கடலில் விட்டார்கள். சரியான முடிவு அது. நல்ல படகு போயிற்று, கப்பல் நிமிர்ந்தது.

இன்றும் பெருங்கடலைக் கடக்கும் முன்பு அனுபவசாலிகள் பலர் டிங்கியைத் தூக்குக்கையிலிருந்து எடுத்துவிடுவார்கள். காற்றை இறக்கிச் சுருட்டி வைப்பார்கள், அல்லது மேல்தளத்தில் கவிழ்த்துக் கட்டுவார்கள். கவிழ்ந்த படகில் தண்ணீர் தேங்காது அல்லவா?

1895 முதல் 1898 வரை உலகத்தைத் தனியாகப் படகில் சுற்றி வந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். அவருடைய ‘ஸ்ப்ரே’ படகு 11 மீட்டர் நீளம்தான். முழுத் துணைப்படகு வைக்க மேல்தளத்தில் இடமில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ‘டோரி’ என்ற மீன்பிடிப் படகு ஒன்றை எடுத்து, குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கத்தைப் பலகையால் அடைத்துவிட்டார். அந்த அரைப் படகைப் பாய் ஏற்றும் கயிற்றில் மாட்டி, ஒற்றை ஆளாகத் தூக்கவும் இறக்கவும் அவரால் முடிந்தது. பயணத்தில் துணி துவைக்கும் தொட்டியும் அதுதான், குளிக்கும் தொட்டியும் அதுதான்.