உங்களுக்குத் தெரியுமா? காவிரியில் படகேறும் பைக்குகள்

சேலம் மாவட்டம் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டம் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே, பைக்குகள் விசைப்படகில் ஏறிக் காவிரியைக் கடக்கின்றன! சுற்றிப்போகும் தூரம் மிச்சம் என்பதால்தானே என்று கேட்கலாம். அது பாதிக் காரணம்தான். கதவணை தேக்கிய நீர் அங்கே அசையாமல் நிற்பதே மீதி. மேட்டூர் அணையிலிருந்து உபரிநீர் சீறி வந்தால் படகு கரையேறிவிடும்.

தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர்ப் பக்கம் காவிரியில் அப்படித் தேங்கி நிற்கும் நீர் இல்லை. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். கோடையில் ஆறு வெறும் மணல். தண்ணீர் ஓடும் மாதங்களிலாவது படகு விடலாமே? விடலாம், ஆனால் வண்டிகளுக்கு அது அவசியப்படவில்லை: பக்கத்துக் கல்லணையின் மேலேயே 1839-ல் பாலம் கட்டிவிட்டார்கள்.