காய்ச்சல் இல்லாத மாதத்துக்கும் காசு

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்கும் சாம்பல்தீவு ஆச்சிக்குக் காத்திருப்பு உண்டு, பில் கிடையாது. அரச ஆஸ்பத்திரிக் கட்டணத்தை 1951-இல் எடுத்துவிட்டார்கள். 1971-இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்தார்கள். 1977-இல் அதுவும் போயிற்று. இந்த வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் லண்டனுக்கும் சுவிசுக்கும் போனார்கள். அனுப்பிவைத்த ஏஜென்சிக்குக் கட்டிய காசு ஊருக்கே தெரியும். போன இடத்தில் உடம்புக்காகக் கட்டும் காசை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சுவிசில் 1996 முதல் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். குடியேறி 3 மாதத்துக்குள் சேர வேண்டும். காப்புறுதி நிறுவனம் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. ஒரே ஊரில் ஒரே நிறுவனத்தின் ஒரே திட்டம் என்றால், உணவகத்தில் கோப்பை கழுவுபவருக்கும் வங்கி முகாமையாளருக்கும் கட்டணம் ஒன்றுதான். 2025-இல் வளர்ந்தவர் ஒருவருக்குச் சராசரி மாதத்துக்கு 449 பிராங். வருமானம் குறைந்தோருக்கு மாநில அரசு ஒரு பங்கு கொடுக்கிறது என்பது உண்மை. அப்படியும் மாதக் கட்டணத்தைக் குறைக்க எண்ணி, முதல் 2,500 பிராங் மருத்துவச் செலவைத் தாமே ஏற்கும் திட்டத்தை எடுப்பவர்கள் உண்டு. அதைத் தாண்டினாலும் 10 வீதம் இவர்கள் பங்கு, ஆண்டுக்கு 700 வரை. பெரிய வருத்தம் வந்த ஆண்டில் 3,200 பிராங் கையிலிருந்து போகும். மாதக் கட்டணம் தனி. ஊரிலிருந்து போகும் பொதியில் சித்தாலேப தைல டப்பாவுக்கு எப்போதும் இடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

பிரித்தானியா வாசலிலேயே வாங்கிவிடுகிறது. 2015-இல் ஆண்டுக்கு 200 பவுண் என்று தொடங்கிய சுகாதார மேல்கட்டணம் 2024 பெப்ரவரி முதல் 1,035. லண்டன் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணின் 33 மாத விசாவுக்கு 3,105 பவுண், மொத்தமாக, முன்கூட்டியே. அங்கே வேலைக்குப் போய் வரி கட்டத் தொடங்கினாலும் அந்தக் காசு பொதுவாகத் திரும்பாது. ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை கட்டுவது எந்த நியாயமோ!

பேரப்பிள்ளை பார்க்கப் போகும் அம்மாவின் கதை வேறு. சுவிசுக்குப் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் காப்புறுதி காட்ட வேண்டும். ஆனால் அவருக்கு ஏற்கெனவே உள்ள சீனி வருத்தத்தையும் பிரஷரையும் அந்தக் காப்புறுதிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. லண்டனில் வார்டில் படுத்தால் வருகையாளருக்குச் சிகிச்சைச் செலவின் ஒன்றரை மடங்கு பில்.

பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தவருக்கும் இதில் பெரிய சலுகை இல்லை. ஓய்வுபெற்றுச் சாம்பல்தீவிலேயே வீடு கட்டிக் குடியிருக்கத் தொடங்கினால், லண்டன் ஆஸ்பத்திரிச் சிகிச்சை அவருக்கு இலவசமல்ல. அங்கே பார்ப்பது வசிப்பிடத்தை. அரச ஓய்வூதியம் வரும், ஆனால் இலங்கையில் இருப்பவருக்கு ஆண்டு உயர்வு கிடையாது. சுவிசைவிட்டு நிரந்தரமாக வந்தவரின் கட்டாயக் காப்புறுதியும் முடிந்துவிடும். முப்பது வருடம் கட்டியிருந்தாலும் அவ்வளவுதான்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, இலவச ஆஸ்பத்திரிகளே துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னபோது, பல வீடுகளில் பார்மசிக் காசு வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்துதான் வந்தது. அந்த மாதங்களிலும் அவர்கள் அங்கே தங்கள் கட்டணத்தைக் கட்டித்தான் இருந்தார்கள்.