எரிபொருட் புகையும் தொழிலாளர் சுவாசப்பையும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே தம் வண்டிக்குப் பெற்றோல் நிரப்ப வருவோர் ஐந்து நிமிடத்தில் அகன்றுவிடுவர். குழாயைப் பிடித்து நிற்பவரோ பகல் முழுதும் அந்த ஆவியையே சுவாசிக்கின்றார். கொட்டாஞ்சேனையிலே துறைமுக லொறிகளைச் செப்பனிடுவோர் நிலையும் இதுவே. நச்சின் தீமை அதன் அளவோடு, அதனிடையே கழியும் காலத்தையும் பொறுத்ததாகும்.

இங்கே இருவகைத் தீங்குகள் உள. பெற்றோல் ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். அதிலுள்ள பென்சீன் சுவாசப்பை வழியே இரத்தத்திற் கலந்து என்பு மச்சையைத் தாக்கும். டீசற் புகையின் நுண்ணிய கரித்துகள்களோ மூக்கின் மயிருக்கும் சளிக்கும் அகப்படாது சிற்றறைகள் வரை சென்று தங்கும். நாட்பட்ட இருமலும் மூச்சிளைப்பும் இதனால் விளையலாம். டீசற் புகை சுவாசப்பைப் புற்றுநோயை விளைவிப்பதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012ஆம் ஆண்டிலே வகுத்தது.

முகத்திற் கட்டும் துணி துகள்கள் சிலவற்றைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. ஆகவே, கதவடைத்த கராச்சினுள் இயந்திரத்தை ஓடவிடலாகாது. குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுத்தலுமாகாது. சிறிதளவு சுவாசப்பையுட் புகினும் கடும் அழற்சி உண்டாகலாம். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தலும் தவறு. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

வேலை போய்விடுமென அஞ்சி இருமலை மறைப்போர் பலர். தொழில் நடத்தும் பழைய மாணவர்கள் தம்மிடம் உழைப்போருக்கு நல்ல காற்றோட்டமும், ஆண்டுதோறும் சுவாசப் பரிசோதனையும், நோயுற்றாலும் வேலை நிலைக்குமென்ற உறுதியும் அளிப்பாராக.