தீயும் தே தாரிக்கும்: வேலையிடத்தில் எவ்வளவு தூரம்?

பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் நம்மில் பலருக்கு வேலையைக் கற்றுக் கொள்வது பெரிய சிக்கலாக இருப்பதில்லை. மேலதிகாரியிடம் எப்படிப் பழகுவது என்பதில்தான் தடுமாறுகிறோம். சிலர் வாயைத் திறக்கவே அஞ்சுகிறோம். சிலர் இரண்டாவது வாரத்திலேயே நண்பரிடம் பேசுவது போல் கேலி பேசத் தொடங்கிவிடுகிறோம். எவ்வளவு நெருங்கலாம்? எவ்வளவு விலகி நிற்கலாம்? இக்கேள்விகளுக்கு விடை காண, அன்றாட வாழ்க்கையில் நாம் காணும் சில உவமைகள் உதவும்.

குளிர் காய்தல்

திருக்குறளின் 70ஆவது அதிகாரம் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்'. தமிழ்ப்பள்ளியில் குறளை மனனம் செய்து ஒப்புவித்தபோது, அது அலுவலக வாழ்க்கைக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றியிருக்காது. அதன் முதல் குறளில் வள்ளுவர் அரசனைத் தீயாகவும், அவனிடம் பணிபுரிபவரைக் குளிர் காய்பவராகவும் காட்டுகிறார். மிக நெருங்கினால் சுடும்; மிக விலகினால் குளிரும்.

சுடுவது தீயின் குணம். நம்மீது கொண்ட பகை அன்று. அதுபோல, நம் சம்பளத்தையும் பதவி உயர்வையும் முடிவு செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வலிமை அவர் கையில் இருந்துகொண்டுதான் இருக்கும். பெரியவர் முன்னிலையில் பிறர் காதில் கிசுகிசுப்பதையும் சேர்ந்து சிரிப்பதையும் தவிர்க்கும்படி இதே அதிகாரம் சொல்கிறது. பழகியவர் என்ற உரிமையில் தகாததைச் செய்தால் கேடு வரும் என்றும் எச்சரிக்கிறது. இன்றைய கூட்ட அறைக்கும் இவை பொருந்துகின்றன அல்லவா?

தே தாரிக்

தீ உவமை பணியாளருக்கு அறிவுரை சொல்கிறது. தலைவருக்கு உரிய உவமை எது? பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஏதேனும் ஓர் உணவகத்தில் தே தாரிக் ஆற்றுபவரைக் கவனியுங்கள். இரு குவளைகளையும் ஒட்டிப் பிடித்தால் நுரை வராது. அளவுக்கு மீறித் தூக்கினால் தரையில் சிந்தும். அந்தத் தூரத்தைத் தேநீர் முடிவு செய்வதில்லை. ஆற்றுபவரின் கைகளே முடிவு செய்கின்றன. வேலையிடத்திலும் தூரத்தை அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் தலைவருடையதே.

இன்னொன்றும் உண்டு. கலக்காத தேநீரில் கெட்டிப்பால் அடியிலேயே தங்கிவிடும். கீழ்நிலை ஊழியரின் கருத்தும் அப்படித்தான். கேட்பவர் இல்லாவிட்டால் அடியிலேயே கிடக்கும்.

மிதிவண்டியும் பத்து வெள்ளியும்

தூரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பளத்தோடு வேறொன்றும் இடம்பெற்றது. துரையோ தோட்ட அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. ஊதியத்தோடு மானத்தையும் கேட்டார்கள். மே மாதத்தில் நாதன் கைதானார், போராட்டம் பரவியது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அங்கே எரிந்தது குளிர் காய உதவும் தீ அன்று.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்ந்தது; அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தொடங்கிப் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. இங்கே தூரத்தைக் குறைக்கத் தலைவரே நடந்து வந்தார். பிரிக்பீல்ட்ஸில் நாம் நடக்கும் சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஏமாற்றும் உவமை

எல்லா உவமைகளும் நன்மை தருவதில்லை. "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று நேர்காணலிலேயே சொல்லும் முதலாளிகள் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் குடும்பத்தில் யாரும் மிகைநேரச் சம்பளம் கேட்பதில்லை. பெற்ற தாய் பிள்ளையை வேலைநீக்கம் செய்வதுமில்லை. நிறுவனம் செய்யும். நம் நாட்டுச் சட்டத்தில் வார வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது. பாசத்தின் பெயரால் அதற்கு மேலும் வேலை வாங்கினால், அதற்குச் சம்பளம் உண்டா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல உவமை இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து காட்டும். ஏமாற்றும் உவமை அதை மறைத்துவிடும்.

நண்பர்களே, முதல் வேலைக்குப் போகும்போது தீயைக் கண்டு ஓடவும் வேண்டாம். அதில் விழவும் வேண்டாம். சந்தேகத்தை நேரே கேட்போம்; கருத்தை மரியாதையோடு சொல்வோம். நாளை நம்மில் சிலர் தலைவர்களாவோம். அன்று நம்மைக் கண்டு யாராவது மிதிவண்டியிலிருந்து இறங்குகிறார்களா என்று கவனித்துக் கொள்வோம்.