கிராமுக்குப் பின்னால் எத்தனை பூ?

இஸ்தான்புல்லின் எமினோனு கரையில் இருக்கும் எகிப்தியச் சந்தையை 1660களில் கட்டினார்கள். கட்டியது எகிப்திலிருந்து வந்த வரிப்பணத்தில். கடை வாடகை போனது பக்கத்துப் புதிய பள்ளிவாசலின் செலவுக்கு. இன்றும் மசாலாவுக்கு ஊரில் பெயர்பெற்ற இடம் இதுதான். ஆனால் இங்கே விலைப்பலகையை நம்பிக் கணக்குப் போட முடியாது. 2005இல் துருக்கியின் நாணயமான லிராவிலிருந்து 6 பூஜ்யங்களை வெட்டினார்கள். 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியது. லிரா மாறும், செடி மாறாது. அதனால் ஒரு கிராமுக்குப் பின்னால் எத்தனை பூ, எத்தனை கிழங்கு என்று எண்ணிப் பார்ப்பதே நல்லது.

குங்குமப்பூவில் தொடங்கலாம். ஒரு பூவில் 3 சூலக இழை. உலர்ந்த 1 கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ, அதாவது 450 இழை. கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ. பறிப்பதும் இழை பிரிப்பதும் முழுக்கக் கைவேலை. கிராம் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் கிலோ 5,000 டாலர். கேட்டதும் மலைப்புதான். ஆனால் 4 பேருக்கான சோற்றுக்கு 0.1 கிராம் போதும். செலவு அரை டாலர். 2 கிராம் வாங்கினால் 20 தடவை சமைக்கலாம். இதே கணக்கு போலியையும் காட்டிக்கொடுக்கும். குவியலாகக் கொட்டி, கைப்பிடி அளவைச் சில்லறைக் காசுக்குக் கொடுத்தால், 150 பூவைப் பறித்த கூலிகூட அதில் அடங்காது. பெரும்பாலும் அது குசும்பாப் பூ. குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள்: அசல் இழை மெல்ல மெல்ல நிறம் விடும், தான் சிவப்பாகவே கிடக்கும், அதன் ஒரு முனை எக்காளம்போல விரிந்திருக்கும்.

மஸ்தகிப் பிசின் கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வருகிறது. ஒரு மரம் ஆண்டுக்குத் தருவது சராசரியாக 150 முதல் 180 கிராம்தான். ஆனாலும் ஒரு லிட்டர் பாலுக்கு அரை கிராமைச் சர்க்கரையோடு பொடித்துப் போட்டால் மணக்கும். 25 கிராம் பொட்டலம் 50 லிட்டர் பாலுக்கு வரும். வீட்டுக்கு அதற்குமேல் வேண்டாம்.

சாலெப் கணக்குதான் என்னைக் கலங்கடிக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று விற்கும் ஆர்க்கிட் கிழங்கு வகைதான் இது. ஒரு கிலோ மாவுக்கு 1,000 முதல் 4,000 கிழங்கு வேண்டும். ஒரு செடியில் 2 கிழங்கு இருக்கும்: சுருங்கிவரும் பழையது, அடுத்த ஆண்டுக்கான புதியது. மாவுக்கு எடுப்பது புதியதை. எடுத்தால் செடி மறுபடி முளைக்காது. ஆக, கிலோவுக்கு ஆயிரம் செடிக்குக் குறையாமல் போகிறது. ஒரு கோப்பைச் சாலெப் பானத்துக்கு 2 கிராம் மாவு என்றால் 2 முதல் 8 கிழங்கு. விதை முளைத்துப் பூக்கும் நிலைக்கு வரவோ பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலும் காட்டிலிருந்தே தோண்டுகிறார்கள். துருக்கி இதன் ஏற்றுமதியைத் தடை செய்திருப்பது சரியான செயல். மலிவான ‘சாலெப்’ பொட்டலங்களில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் மாவுச்சத்தும் வாசனையும்தான். அதைக் குடித்தால் எந்தச் செடியும் சாகாது, தாராளமாகக் குடிக்கலாம். அசல் மாவை யார் நீட்டினாலும் நான் வாங்கமாட்டேன்.

மிளகாய்த் துருவலையும் புளிப்புப் பொடியான சுமாக்கையும் இப்படி எண்ணிப் பார்க்காமல் எடைக்கு வாங்கலாம், ஒவ்வொன்றிலும் 250 கிராம். சுமாக்கில் சிலர் உப்புக் கலப்பதுண்டு. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள்.